தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: முதலாம் ஆண்டுத் தங்குமிடத்தை ஒப்பிட்டுத் தெரிவுசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வெட்டுப்புள்ளி வெளியாகி, பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் எல்லாரும் கூடிவிடுவார்கள். எந்தப் பீடம், எத்தனை வருடப் படிப்பு, முடித்தால் என்ன உத்தியோகம் என்று கேட்பார்கள். எங்கே தங்கிப் படிக்கப் போகிறாய் என்று கேட்பவர் அநேகமாக ஒருவரும் இருக்கமாட்டார். அந்தக் கேள்வியை என் முதலாம் ஆண்டில் நானும் யாரிடமும் கேட்கவில்லை. அதனால் பட்ட அலைச்சல் இன்றுவரை மறக்கவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பேராதனைக்கும் பதுளைக்கும் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு இந்த ஒரு விடயத்தில் சில வருடங்களாகக் கூட நின்று உதவி வருகிறேன். ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி வந்ததை இங்கே படிப்படியாக எழுதிவைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டில் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தால், அறை நெரிசலாக இருந்தாலும், கட்டில் பழையதாக இருந்தாலும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கிடைக்காதபோதும், மறுப்பதற்கு வலுவான காரணம் இருக்கும்போதும் மட்டும் மற்ற இடங்களைத் தேடுங்கள். எந்த இடத்தை எதனோடு ஒப்பிட்டாலும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே தங்கினால் ஒரு நாளில் படிப்பதற்கு எத்தனை மணித்தியாலம் மிஞ்சும், அந்த மணித்தியாலங்களுக்காக வீட்டில் எத்தனை நாள் உழைப்புப் போகும். வாடகை, தூரம், சாப்பாடு, மழை, கூட இருப்பவர்கள் என்று கீழே வருபவை எல்லாம் இந்த இரண்டு கணக்குக்குள் அடங்கும்.

முதலாம் படி: கடிதம் வந்து சேரும் வழியைச் சரிசெய்யுங்கள்

தங்குமிடத்தை ஒப்பிடுவதற்கு முன், விடுதி விண்ணப்பம் உரிய திகதிக்குள் போய்ச் சேரவேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டாகத் தெரியாது. பல தோட்டங்களில் வீட்டுக்கு வீடு தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்டத்து ஓபிசுக்கு மொத்தமாக வந்து, அங்கிருந்து ஆள் வழியாக லயத்துக்கு வரவேண்டும். எனக்கு வந்த கடிதம் ஒரு ரப்பர் பட்டியால் கட்டிய கட்டுக்குள், அடகுக் கடை அறிவித்தல்களுக்கு நடுவில், ஒன்பது நாள் கிடந்தது. அப்பா வேறு அலுவலாக ஓபிசுக்குப் போனபோது தற்செயலாக அது கையில் கிடைத்தது. விடுதிக்கு விண்ணப்பிக்கும் திகதி அதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது.

இப்போது பதிவு வேலைகள் பெரும்பாலும் இணையத்தில் நடப்பதால் அந்த ஆபத்து குறைந்திருக்கிறது, முற்றாக நீங்கிவிடவில்லை. ஆகவே உயர்தரப் பரீட்சை முடிந்தவுடனேயே உங்களுக்கென ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பதிவுப் படிவத்தில் கொடுத்த கைத்தொலைபேசி இலக்கத்தை வகுப்பு தொடங்கும்வரை மாற்றாதீர்கள். தபால் முகவரி கேட்கும் இடத்தில், இடமிருந்தால், நகரத்தில் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவரின் முகவரியைச் சேர்த்துக் கொடுங்கள். தோட்டத்து ஓபிசில் கடிதம் பிரிப்பவரை நேரில் கண்டு, பல்கலைக்கழகக் கடிதம் ஒன்று வரவிருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லி வையுங்கள். பெரும்பாலானவர்கள் அக்கறையோடு எடுத்து வைப்பார்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

விண்ணப்பத்தோடு கேட்கப்படும் பத்திரங்களையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், பிரதேச செயலகம் மேலொப்பமிட்ட வருமானச் சான்றிதழ், அம்மா அப்பாவின் சம்பளச் சீட்டுகளின் பிரதிகள், ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால் அதற்கான கடிதம், நோய் இருந்தால் வைத்தியரின் அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். விடுதி கொடுக்கும்போது வீட்டின் தூரத்தையும் வருமானத்தையும் பார்ப்பது வழக்கம். இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தவறு செய்கிறார்கள். தூரம் கேட்டால் ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ கணக்கிட்டு எழுதுகிறார்கள். வீடு ஹட்டன் பஸ் நிலையத்தில் இல்லை. மேற்பிரிவு லயத்திலிருந்து பஸ் வரும் பாதைக்கு மூன்று மைல் இறங்கவேண்டுமானால், அங்கிருந்து ஒரு நாளைக்கு இரண்டு பஸ்தான் ஓடுமானால், அதைத் தெளிவாக எழுதி, கிராம உத்தியோகத்தரின் கடிதத்திலும் குறிப்பிடச் செய்யுங்கள். அது உண்மை; உண்மையைக் குறைத்து எழுதுவதால் யாருக்கும் நன்மையில்லை.

இரண்டாம் படி: எந்தெந்த வழிகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு இடம் மாறியபோது, மாணவர்கள் எல்லாரும் வளாகத்திலேயே தங்கிப் படிக்கவேண்டும் என்பது முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் எண்ணமாக இருந்தது. ஜயதிலக்க, அருணாசலம், இராமநாதன், ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா, மார்ஸ் என்று பெயர் தாங்கி நிற்கும் மண்டபங்கள் அந்த எண்ணத்தின் வழிவந்தவை. இவற்றுள் அருணாசலத்தின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டாகும். தோட்டத் தொழிலாளியைக் கடனில் கட்டிவைத்த துண்டு முறைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் பெயரிலுள்ள மண்டபத்தின் படிகளில் இன்று தோட்டத்துப் பிள்ளைகளும் ஏறிப் போகிறார்கள்.

மாணவர் தொகை பெருகிவிட்ட இக்காலத்தில் நான்கு வருடமும் எல்லாருக்கும் விடுதி கொடுக்க இயலாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டுக்கும் இறுதியாண்டுக்கும் முன்னுரிமை உண்டு. இடைப்பட்ட வருடங்களில் வெளியே தேட வேண்டியிருக்கும். 2005 இல் நிறுவப்பட்டு, பதுளையில் பசறை வீதியில் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களும் விடுதிப் பிரிவிடம் இதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரிக்குத் தெரிவானவர்களுக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது. அது தங்கிப் படிக்கும் கல்லூரி.

பல்கலைக்கழக விடுதிக்கு அடுத்ததாக வருவது, வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க ஓர் அறையை மட்டும் வாடகைக்குக் கொடுக்கும் போர்டிங். பாதுகாப்பு இருக்கும், கட்டுப்பாடும் இருக்கும். இன்னொன்று, நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு முழு வீட்டை அல்லது வீட்டின் ஒட்டுப்பகுதியை எடுப்பது. சமைக்கலாம், செலவு குறையும். ஆனால் ஒருவர் இடையில் விலகினால் அவர் பங்கு மற்றவர் தலையில் விழும். முதலாம் ஆண்டில், ஒருவரையொருவர் அறியாத நிலையில், முழு வீடு எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மதச் சபைகள் நடத்தும் விடுதிகள் சில, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, நல்ல தெரிவாக அமையும். அவற்றின் நேரக் கட்டுப்பாட்டை உங்கள் பீடத்து நேரசூசியோடு ஒத்துப் பாருங்கள்.

கண்டியிலோ கம்பளையிலோ உறவினர் வீடு இருந்தால் அங்கே தங்கலாம் என்று பெரியவர்கள் முதலில் சொல்வார்கள். அவர்களின் அன்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெரியம்மா வீட்டில் இருந்துகொண்டு, விருந்தாளி வந்திருக்கும்போது அறைக் கதவைச் சாத்திப் படிக்க முடியுமா? கடைக்குப் போய்வா என்று சித்தப்பா சொன்னால், நாளைக்குப் பரீட்சை என்று மறுக்க முடியுமா? தனி மேசை ஒன்றும் இரவில் விளக்கெரியச் சம்மதமும் கிடைக்குமானால் போங்கள். கிடைக்காதென்றால், விடுமுறையில் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவது உறவுக்கும் நல்லது, படிப்புக்கும் நல்லது.

மூன்றாம் படி: பீடத்தை நடுவில் வைத்து வரைபடம் போடுங்கள்

பேராதனை வளாகம் ஒரே கட்டடம் என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே களைத்துவிடுகிறார்கள். காலஹா வீதியை ஒட்டி நீண்டு கிடக்கும் அந்த வளாகத்தை மகாவலி ஊடறுத்துச் செல்கிறது. பொறியியல் பீடம் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது, அக்பர் பாலம் இரு கரைகளையும் இணைக்கிறது. கலைப்பீட மாணவிக்கு வசதியான போர்டிங், பொறியியல் மாணவனுக்கு அரை மணித்தியால நடையாகலாம். ஆகவே பேராதனைக்குக் கிட்ட என்று யாராவது சொன்னால், பேராதனையில் எந்தக் கட்டடத்துக்குக் கிட்ட என்று கேளுங்கள்.

அடுத்ததாக, வீட்டுக்குப் போகும் வழியைப் பாருங்கள். ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி வழியாக வரும் பஸ்ஸும், நுவரெலியாவிலிருந்து புசல்லாவ வழியாக வரும் பஸ்ஸும் கம்பளையையும் கெலிஓயாவையும் தாண்டிப் பேராதனை வழியாகவே கண்டிக்குப் போகின்றன. கெலிஓயாப் பக்கத்தில் தங்குகிறவருக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் கண்டி நகருக்குள் போய்த் திரும்பும் சுற்று மிச்சம். புகையிரதத்தில் போகிறவர்களுக்குப் பேராதனைச் சந்தி நிலையமும் வளாகத்தை ஒட்டிய சரசவி உயன நிலையமும் இருக்கின்றன. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இரவில் தகவல் வந்தால் விடிவதற்குள் எந்த வழியில் கிளம்பலாம் என்பதையும் இந்த வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: செலவைப் பேர்க் கணக்கில் எழுதுங்கள்

ரூபாய்க் கணக்கு கண்ணை மறைக்கும். அதனால் நான் பிள்ளைகளிடம் பேர்க் கணக்கில் எழுதச் சொல்கிறேன். ஒரு நாள் மலையேறிக் கொழுந்து பறித்தால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், அம்மாவுக்கு விழுவது ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். இந்த உதாரணங்களுக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்; நீங்கள் உங்கள் வீட்டுச் சம்பளச் சீட்டில் இப்போது என்ன விழுகிறதோ அதை வைத்துப் போடுங்கள்.

இரண்டு போர்டிங் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் உள்ளதில் உங்கள் பங்கு மாதம் 6,750 ரூபாய், அதாவது ஐந்து பேர். பீடத்துக்குக் கிட்ட உள்ளதில் 8,100 ரூபாய், ஆறு பேர். கேட்டவுடன் தூரத்தில் உள்ளது மலிவாகத் தெரியும். அங்கிருந்து போக வர ஒரு நாளைக்கு 100 ரூபாய் பஸ் காசு என்றால், விரிவுரை உள்ள 22 நாட்களுக்கு 2,200 ரூபாய். மொத்தம் 8,950. கிட்ட உள்ளதைவிட 850 ரூபாய் கூட. அதோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்பதும் பயணமும் நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால், மாதத்துக்கு 33 மணித்தியாலம் கைவிட்டுப் போகிறது. முதலாம் ஆண்டில் ஆங்கிலத்தோடு போராடும் பிள்ளைக்கு அந்த 33 மணித்தியாலம் ஒரு பாடத்தைத் தூக்கி நிறுத்தும்.

வாடகையைவிடப் பெரிய செலவு சாப்பாடு. சோற்றுப் பார்சல் ஒன்று 350 ரூபாய் என்று வைத்து, நாளைக்கு இரண்டு வாங்கினால் மாதம் 21,000 ரூபாய். பதினைந்து பேருக்கும் மேல்! வாடகையைப் பேரம் பேசி 500 ரூபாய் குறைக்க ஒரு மணித்தியாலம் நிற்கும் அப்பாக்கள், இங்கே சமைக்கலாமா என்ற ஒரு கேள்வியைக் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள். மின்சாரச் சோற்றுப் பானைக்கு அனுமதி உண்டா, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டுத் தருவார்களா, வீட்டுக்காரர் சாப்பாடு கொடுத்தால் என்ன விலை, மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பல்கலைக்கழக விடுதியின் கட்டணம் வெளி வாடகையோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. பக்கத்திலேயே கண்டீனும் இருக்கும். முதலாம் ஆண்டில் விடுதியை விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இது முக்கியமான காரணம்.

மஹாபொல புலமைப்பரிசில் வந்துவிடும், அதில் கட்டிக்கொள்ளலாம் என்று நம்பி அறை எடுக்காதீர்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக அது உயர்த்தப்பட்டது நல்ல செய்தி. ஆனால் முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆவதுண்டு. வகுப்பு தொடங்கியதிலிருந்து நான்கு மாதச் செலவுக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்த்த பின்பே கையெழுத்து வையுங்கள்.

ஐந்தாம் படி: மாலை ஆறரை மணிக்கு, முடிந்தால் மழையில், போய்ப் பாருங்கள்

விடுதி கிடைக்காத அவசரத்தில் நான் எடுத்த போர்டிங்கை நண்பகலில் போய்ப் பார்த்தேன். வெயில் சன்னல் வழியாக மேசைமேல் விழுந்திருந்தது. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். அப்பா அங்கேயே மூன்று மாத முற்பணத்தை எண்ணிக் கொடுத்தார். முதல் நாள் விரிவுரை முடிந்து இருட்டியபின் திரும்பும்போதுதான், பெரிய வீதியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டில் ஒரு விளக்கும் இல்லை என்பதைக் கண்டேன். படிகளில் பாசி. மழை பெய்தால் அதே படிக்கட்டு ஓடையாகிவிடும். ஒக்டோபர் பிறந்ததும் அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர் வியர்க்கத் தொடங்கியது. புது வெள்ளைக்குள்ளிருந்து கரும்புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உயர்தரக் குறிப்புகளைக் கட்டி அங்கே வைத்திருந்தேன். கட்டைப் பிரித்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. ஆறாவது வாரத்தில் விடுதியில் ஓர் இடம் காலியானது, மாறிவிட்டேன். முற்பணம் திரும்பி வரவில்லை.

ஆகவே நண்பகலில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பேராதனைப் பக்கம் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கடுமையாக இருக்கும். பதுளையில் மழை அதற்குப் பின்னும் நீண்டு மார்கழி, தை வரை இழுக்கும். அந்த மழையில் நடக்கப் போகும் பாதையை அந்த நேரத்திலேயே நடந்து பாருங்கள். அறைக்குள் போனதும் அலுமாரியை ஒரு சாண் நகர்த்தச் சொல்லி, பின்சுவரில் உள்ளங்கையை வையுங்கள். ஈரம் கையில் தெரியும், மூக்குக்கும் தெரியும். குழாயைத் திறந்து, காலை ஆறு மணிக்கும் தண்ணீர் வருமா என்று அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் மாணவரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர், மேசைக்கு மேல் விளக்கு உண்டா, கைத்தொலைபேசிக்கு அறைக்குள் சமிக்ஞை கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

பெண் பிள்ளைகளோடு போகிற பெற்றோர் இன்னும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அறைக்குத் தனி வாசல் உண்டா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இறுக்கமாக விழுகிறதா, குளியலறை வீட்டுக்குள் இருக்கிறதா வெளியே முற்றம் தாண்டி இருக்கிறதா, வீட்டில் நிரந்தரமாக இருப்பவர்கள் யார் யார் என்று தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் வீடு வேண்டாம்.

ஒரு சின்ன விடயம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பேராதனை ஏறக்குறைய 500 மீற்றர்தான். மேலிருந்து வருகிறவர்கள் இரண்டு கம்பளி கட்டிக்கொண்டு வந்து புழுக்கத்தில் தவிக்கிறார்கள். ஒரு கம்பளியை வீட்டில் வைத்துவிட்டு, நுளம்பு வலை ஒன்றைக் கொண்டு போங்கள். கண்டி மாவட்டத்தில் டெங்கு இருக்கிறது. நம் மேல்மலைப் பிள்ளைகளுக்கு வலை கட்டும் பழக்கம் கிடையாது.

ஆறாம் படி: வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைப் பாருங்கள்

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறந்திருக்கமாட்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மீண்டும் மலைகள் சரிந்தன. லயத்தில் பயந்து வாழ்ந்த பிள்ளை, படிக்கப் போன இடத்திலும் சரிவின் அடியில் படுக்கக்கூடாது.

செங்குத்தாக வெட்டிய மண்மேட்டுக்கு ஒட்டிக் கட்டிய வீடு, தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கும் வீடு, தரையிலோ முற்றத்திலோ புது வெடிப்புகள் ஓடும் வீடு, மேலே மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும் சரிவு ஆகியவற்றைக் கண்டால், வாடகை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுங்கள். ஹந்தானைச் சரிவிலும் பதுளை நகரைச் சுற்றியும் நல்ல வீடுகளும் உண்டு, இப்படிப்பட்டவையும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அப்படி வெளியேற நேர்ந்தால் அந்த இரவில் எந்த நண்பரின் அறைக்குப் போவது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஏழாம் படி: யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்

பல்கலைக்கழக விடுதியில் அறைத் தோழரை நீங்கள் தெரிவுசெய்ய முடியாது. சிங்களம் பேசும் மாணவரோடு அறை கிடைத்தால் உடனே மாற்றித் தரும்படி கேட்பவர்கள் பலர். ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்வேன். மாத்தறைப் பக்கத்திலிருந்து வந்த என் அறைத் தோழனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குக் கடைச் சிங்களம்தான் தெரியும். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். இரவில் அவன் தன் பாடக் குறிப்பை ஆங்கிலத்தில் எனக்கு விளக்குவான், நான் என்னுடையதை அவனுக்கு விளக்குவேன். முதற்பருவப் பரீட்சைக்குள் இருவருக்கும் வாய் திறந்துவிட்டது. அப்பா வந்தபோது அவன் எழுந்து நின்று கட்டிலைக் கொடுத்துவிட்டு, சோற்றுப் பானையின் மூடியில் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தான். வீட்டு நினைவு நெஞ்சை அடைக்கும் நாட்களில், வளாகத்தில் மேட்டில் இருக்கும் குறிஞ்சிக் குமரன் ஆலயத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் போனால் நம் முகங்கள் நிறையக் காணலாம். அறை வேறு மொழி பேசினாலும் ஊர் தூரமாகிவிடாது.

மூத்த மாணவர்கள் புதியவர்களை வதைக்கும் பகிடிவதையைப் பற்றி ஒளிக்காமல் பேசவேண்டும். விடுதிக்குப் போகப் பிள்ளைகள் அஞ்சுவதற்கு முதற்காரணம் அதுதான். அந்த அச்சம் நியாயமானது. 1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆகவே விடுதியை ஒப்பிடும்போது, முதலாம் ஆண்டினருக்குத் தனிக் கட்டடமோ தனி மாடியோ உண்டா, இரவில் விடுதிக் காவலர் எங்கே இருப்பார், விடுதிப் பொறுப்பாளர் விடுதியிலேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். பொறுப்பாளர், மாணவர் ஆலோசகர், பாதுகாப்புப் பிரிவு ஆகியோரின் இலக்கங்களைத் தொலைபேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வையுங்கள். தொலைபேசியைப் பறித்து வைத்த சம்பவங்கள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் நேராக முறையிடலாம். அடி, பட்டினி, தூக்கமின்மை, மானத்தைக் குலைக்கும் கட்டளை என்று எது நடந்தாலும் முதல் இரவே சொல்லுங்கள். ஊர்க்காரர் என்று அன்பாகப் பேசி வரும் மூத்த மாணவரும் அதில் பங்காளியாக இருக்கலாம் என்பது வேதனையான உண்மை. தாங்க முடியாவிட்டால் விடுதியை விட்டு வெளியேறுவது தோல்வி இல்லை. நான் மேலே சொன்ன வலுவான காரணம் என்பது இதுதான். அந்நிலையில், வீட்டுக்காரர் கூடவே இருக்கும் போர்டிங்கை எடுங்கள்.

எட்டாம் படி: காசு கைமாறும் முன் எழுத்தில் வாங்குங்கள்

ஒப்பந்தம் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும், அல்லது எழுத்தே இருக்காது. இரண்டும் நமக்குப் பாதகம். வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய், முற்பணம் எவ்வளவு, எந்த நிலையில் அது திரும்பக் கிடைக்கும், வெளியேற எத்தனை நாள் முன்பு சொல்லவேண்டும், பல்கலைக்கழகம் மூடப்படும் மாதங்களில் வாடகை முழுவதா பாதியா, கரண்ட் பில்லும் தண்ணீர்ப் பில்லும் எப்படிப் பிரியும் என்று ஐந்தையும் கேட்டு, தாளில் எழுதி, இருவரும் கையெழுத்து வையுங்கள். வேலைநிறுத்தம், புயல் என்று வளாகம் மூடப்படுவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. அந்த நாலாவது கேள்வியைக் கேட்காததால் வெறும் அறைக்கு மூன்று மாதம் வாடகை கட்டிய குடும்பத்தை எனக்குத் தெரியும். மூன்று மாத முற்பணம் கேட்டால், முதலாம் ஆண்டு மாணவர் என்பதையும் விடுதி கிடைத்தால் மாறவேண்டியிருக்கும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மாதமாகக் குறைத்துத் தரும்படி கேளுங்கள். நேராகக் கேட்டால் இரங்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

குடிபோகும் நாளில் பெட்டியை இறக்குவதற்கு முன், மின்மானியின் இலக்கத்தையும், உடைந்த கண்ணாடி, ஆடும் கட்டில்கால், சுவரின் கறை ஆகியவற்றையும் வீட்டுக்காரர் அருகில் நிற்கும்போதே படம் எடுத்து, அப்பாவின் தொலைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள். பற்றுச்சீட்டில் திகதி, தொகை, எந்த மாதத்துக்கு என்ற மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, பத்திரங்கள் உள்ள அதே கோப்பில் வையுங்கள். வெளியில் தங்க நேர்ந்தாலும் விடுதிக் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயரை நீக்கவேண்டாம் என்று நலன்புரிப் பிரிவில் எழுத்தில் கொடுங்கள். வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் சிலர் வேறு பீடத்துக்கு மாறுவார்கள், சிலர் வெளிநாடு போவார்கள், இடங்கள் காலியாகும். வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், அந்த அலுவலகத்துக்குப் போய் உங்கள் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு விரிவுரைக்குப் போங்கள்.